மூன்று பத்துக்கு நின்ற மின்விசிறிகள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நீதிபதியின் ஆசனத்துக்கு மேலே நீண்ட இரும்புத் தண்டில் தொங்கிய மின்விசிறி வேகம் குறைந்து, அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. நான் முதலில் கண்டது அதைத்தான். பிறகு ஜூரிமாரின் தலைக்கு மேல் இருந்தது நின்றது. அதன்பின் பொதுமக்கள் உட்காரும் வாங்குகளுக்கு மேல் இருந்த இரண்டும் நின்றன. விளக்குகள் எப்போது அணைந்தன என்று கவனிக்கவில்லை. பகலில் அவை எரிந்ததே பெரிதாகத் தெரிந்ததில்லை. குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் 3.10 என்று எழுதினேன்.

எழுபதுகளின் பிற்பகுதி, தை மாதம். யாழ்ப்பாணத்தில் மேல் நீதிமன்றம் அமைந்து சில வருடங்களே ஆகியிருந்தன. நான் நகரத்து நாளிதழ் ஒன்றில் கோட்டுச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். மின்விசிறிகள் நிற்பதற்குக் கோட்டில் ஒரு பொருள் இருந்தது. மரண தண்டனை விதிக்கும் நீதிபதி அதற்கு முன் விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்தச் சொல்வார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த அமைதியில் தீர்ப்பு வாசிக்கப்படும். முன்பு இருந்த நீதிபதி ஒருவர் அப்படிச் செய்ததை நகரத்தில் பலர் வாசலில் நின்று பார்த்திருந்தார்கள். பார்க்காதவர்களுக்கும் அது தெரியும்.

ஆனால் அன்று யாரும் விசிறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. முற்றவெளித் திடலில் யாரோ ஏற்றிய பெரிய பட்டமொன்று கம்பியில் விழுந்து, கோட்டுப் பக்கத்துக்கு மின்சாரம் போய்விட்டது. பட்டத்தின் விபரத்தை மறுநாள் கம்பத்தில் ஏறிய தொழிலாளியிடம் கேட்டுத்தான் அறிந்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது மின்சாரம் நின்றது என்பது மட்டும்.

நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வந்து அப்போது ஒன்றரை வருடம். ஆள் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய கதை வந்துவிட்டது. கிழக்கில் இருந்தபோது ஒரே மாதத்தில் மூன்று பேரைத் தூக்குக்கு அனுப்பியவர் என்றார்கள். அதை முதலில் சொன்னவர் யார் என்று நான் தேடியதுண்டு. சொன்ன ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் கேட்டிருந்தார்கள். பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு 'தூக்கு ஜட்ஜ்' என்று பெயர் விழுந்தது. கொலைக்குற்றம் உண்டு என்று ஜூரி சொன்னால் நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதை அந்தக் கடையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஜட்ஜுக்கு ஏன் சம்பளம்?" என்று கேட்டார்கள்.

கொழும்பில் வளர்ந்த தமிழர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வராததால் வேதக்காரர் என்று சைவர்கள் முடிவுசெய்தார்கள். ஞாயிறு பூசையிலும் காணாததால் கடவுள் இல்லாதவர் என்று கத்தோலிக்கர்கள் முடிவுசெய்தார்கள். கலியாண வீட்டு அழைப்புகளுக்கு நன்றி எழுதி அனுப்புவார், போகமாட்டார். மாலையில் சுருட்டிய குடையோடு பண்ணைப் பாலத்தில் தனியாக நடப்பார். வழக்குக்கு வந்த கரவெட்டிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "மனிசரோடை கதையாத மனிசன் மனிசருக்கு என்ன தீர்ப்புச் சொல்லுறது?" என்றார். பொலிஸ் நிலையத்தில் எடுத்த வாக்குமூலம் ஒன்றை நீதிபதி ஏற்காமல் தள்ளி, இரண்டு இளைஞர்களை விட்டபோது, அதே தேத்தண்ணிக் கடையில் அவர் கள்ளருக்கு நல்லவர் ஆனார். தூக்கு ஜட்ஜ் என்ற பெயரும் போகவில்லை.

சட்டத்தரணிகளுக்கும் அவர்மேல் குறை இருந்தது. பேச்சை நடுவில் நிறுத்துவார். ஜூரிமாருக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லும்போது கதவைச் சாத்தச் சொல்வார். முடியும்வரை ஒருவரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. இருமலுக்கு வெளியே போக முயன்ற மூத்த சட்டத்தரணி ஒருவரை அவர் பார்த்த பார்வையைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள்.

அன்று கூண்டில் நின்றவர் குருநகர் மீனவர். முப்பது வயதிருக்கும். பக்கத்துத் துறையைச் சேர்ந்த ஒருவர் தன் மிசின் போட்டை இவருடைய வலைக்கு மேலால் இரண்டு தடவை ஓட்டி வலையை அறுத்திருந்தார். இரண்டாம் நாள் கரையில் வாய்ச்சண்டை. போட்காரர் இவருடைய தாயைப் பற்றி ஏதோ சொன்னார். இவர் துடுப்பால் ஒரு அடி அடித்தார். அவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். நடந்ததில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது கொலையா, ஆத்திரமூட்டப்பட்டதால் திடீரென நேர்ந்த மரணமா என்பதுதான் வழக்கு. முதலாவதற்குத் தூக்கு. இரண்டாவதற்குச் சிறை.

ஏழு ஜூரிமாரும் ஆங்கிலம் தெரிந்தவர்கள். ஆசிரியர்களும் கந்தோர் எழுத்தர்களும். தமிழ் ஜூரி என்றால் வயல்காரர் வருவார்கள், கடல்காரனுக்கு அவர்கள் இரங்கமாட்டார்கள் என்று நினைத்து மீனவருடைய சட்டத்தரணி ஆங்கில ஜூரியைக் கேட்டிருந்தார். அதனால் நீதிபதியின் தொகுப்புரை ஆங்கிலத்தில் நடந்தது. கூண்டில் நின்றவருக்கு அதில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

அவருடைய மனைவி விசாரணை நடந்த நாட்களெல்லாம் வந்தாள். உள்ளே வரமாட்டாள். வெளி விறாந்தையின் மூன்றாவது தூணுக்குக் கீழே, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு இருப்பாள். அன்று மதியம் நான் வெளியே வந்தபோது எழுந்து வந்தாள்.

"அண்ணை, நீங்கள் பேப்பர்காரர் எல்லே?"

"ஓம்."

"உள்ளுக்கை போக எனக்குக் கால் வருகுதில்லை. ஆரும் ஆரும் ஒவ்வொண்டு சொல்லுவினம். நீங்கள் வெளியிலை வந்து சொன்னா நான் நம்புவன். என்னத்தைச் சொன்னாலும் நீங்கள் சொல்லுங்கோ."

"சரி தங்கச்சி, நான் வந்து சொல்லுறன்" என்றேன்.

இரண்டு மணிக்கு நீதிபதி தொகுப்புரையைத் தொடங்கினார். கதவு சாத்தப்பட்டது. அதன் மேல்பாதி கண்ணாடி. விறாந்தையில் நின்றவர்கள் முறைவைத்து அந்தக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பத்துக்கு விசிறிகள் நின்றதும் உள்ளே ஒரே புழுக்கம். பின்பக்கத்து யன்னல்கள் சாத்தியிருந்தன. அவற்றை ஒட்டி வாங்குகள் போடப்பட்டிருந்தன. பியோன், வாங்குகளைத் தள்ளி யன்னலைத் திறப்பதற்காக, எல்லோரையும் எழும்பச் சொல்லிக் கையால் காட்டினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி தலை நிமிரவில்லை. குனிந்து எதையோ எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தொழிலாளியின் வலையை இரண்டு நாள் தொடர்ந்து அறுத்தால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை உங்கள் மேசைகளில் இருந்து அல்ல, அந்தக் கரையில் நின்று எண்ணிப்பாருங்கள் என்று ஜூரிமாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகம் இருந்தால் அதன் பயன் அந்த மனிதனுக்கே சேர வேண்டும் என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சொல்லையும் விட மனமில்லாமல் எழுதினேன்.

வெளியே நின்றவர்கள் கண்ணாடியூடாகக் கண்டது வேறு. விசிறிகள் நின்றிருந்தன. விளக்கில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி குனிந்து எழுதினார். கூண்டில் நின்றவர் முன்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

வெளியே ஒரு சத்தம் கேட்டது. பிறகு பலர் ஓடும் சத்தம். கதவடியில் நின்ற பொலிஸ்காரர் என் கதிரையில் இருந்து மூன்றடி தூரத்தில் நின்றார். "கறண்ட்தான் போனது எண்டு வெளியிலை சொல்லுங்கோ" என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எழுதத் தாளும் பென்சிலும் கையில் இருந்தன. நான் நீதிபதி சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன்.

நான்கு ஐந்துக்கு ஜூரிமார் முடிவெடுக்க உள்ளறைக்குப் போனார்கள். கதவு திறந்தது. நான் வெளியே வந்தேன். மூன்றாவது தூணடியில் அவள் இல்லை. விறாந்தையில் அரைவாசிப்பேர் இல்லை. ஐந்து இருபதுக்கு ஜூரிமார் திரும்பி வந்தார்கள். கொலைக்குற்றம் இல்லை என்று ஏழு பேரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். சிறிய குற்றம் உண்டு. ஏழு வருடம் கடூழியச் சிறை. மொழிபெயர்ப்பாளரான கோட்டு முதலியார் அதைத் தமிழில் சொன்னபோது கூண்டில் நின்றவர் இரண்டு தடவை "என்ன ஐயா?" என்று கேட்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். பாதித் தூரத்திலேயே கோயில் மணி கேட்டது. சாவுக்கு அடிக்கும் மணி. ஒவ்வொரு அடிக்கும் இடையில் நீண்ட இடைவெளி. கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. அந்தத் துறையில் ஒரு சாவு விழுந்தால் அன்று ஒருவரும் கடலுக்கு இறங்கமாட்டார்கள். மீன் விற்கும் இடத்தில் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சந்தியில் நின்ற ஒருவர் கேட்டார்: "என்ன பேப்பர்காரர், பிரேதம் எப்ப தருவினமாம்?"

"பிரேதமோ? ஆள் உயிரோடை. ஏழு வருசம் மறியல். இப்பதான் சொன்னவை."

"தூக்கெண்டெல்லோ சொன்னவை."

"ஒருத்தரும் தூக்கெண்டு சொல்லேல்லை. கறண்ட் நிண்டது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன் விற்கும் பெண் ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கறண்ட் நிண்டா ஃபான் நிக்கும். சரி. சனம் ஏன் எழும்பி நிண்டது? சனமும் கறண்டிலையோ ஓடுது?"

யாரோ சிரித்தார்கள்.

"யன்னல் திறக்க வாங்கு தள்ளினவை அக்கா. வேர்க்குது எண்டு."

"ஓமோம். ஒரு மனிசன்ரை உயிரைப் பற்றிக் கதைக்கேக்கை உங்களுக்குக் காத்துத்தான் பெரிசு."

"விடணை, அவரை ஏன் ஏசுறாய்?" என்றார் சந்தியில் நின்றவர். "தூக்கெண்டு சொல்லிப்போட்டு, மணிச்சத்தம் கேட்டுப் பயந்து ஏழு வருசமாக்கியிருப்பான். கோட்டுக்கு எங்கடை மணி கேக்கும்தானே."

இந்தக் கதை பிறந்த இடத்தில் நான் நின்றேன். மாலை ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

அவள் கோயிலுக்குள் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். சுற்றிவரப் பெண்கள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன்.

"உயிரோடையோ?"

"ஓம் தங்கச்சி. ஏழு வருசம்."

அவள் சுரூபத்தைப் பார்த்தாள். "தந்திட்டா" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். நான்கு மணியளவில் அவர்கள் எல்லோரும் கேட்க அவள் உரத்து நேர்ந்திருந்தாள்: இட்ட தூக்கை மாதா திருப்பி எடுத்தால் அவருடைய வள்ளம் மாதாவுக்கு.

"தூக்கெண்டு ஒருக்காலும் சொல்லேல்லை, தங்கச்சி" என்றேன். "கறண்ட் நிண்டதைப் பாத்துச் சனம்..."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கள் வெளியிலை வந்து சொல்லுறன் எண்டனீங்கள்" என்றாள்.

அன்று எழுதிய செய்தியில், மின்சாரத் தடையால் விசிறிகள் நின்றதையும் வெளியே அதைத் தண்டனை என்று எண்ணிப் பலர் கலைந்து சென்றதையும் கடைசிப் பந்தியில் எழுதினேன். மறுநாள் பேப்பரில் அந்தப் பந்தி இல்லை. அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் இருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "கறண்ட் நிக்கிறது செய்தியே தம்பி? கிழமைக்கு ரெண்டு தரம் நிக்குது" என்றார். அதுவும் உண்மைதான்.

கதை நகர்ந்தது. நல்லூர்ப் பக்கத்தில் அதை ஆயரிடம் இருந்து நீதிபதிக்கு ரெலிபோன் வந்ததாகச் சொன்னார்கள். கரவெட்டியில் குருநகர்ச் சனம் நீதிமன்றத்தைச் சுற்றி வளைத்ததாகச் சொன்னார்கள். சட்டம் தெரிந்த ஒருவர், எழுதி முடித்த தீர்ப்பை நீதிபதி கிழித்துப்போட்டதைக் கண்டவரைத் தனக்குத் தெரியும் என்றார். தூக்கு ஜட்ஜ் என்று அவரை ஏசியவர்கள், சொன்ன தூக்கில் நிற்கத் தெரியாதவர் என்று அவரை ஏசினார்கள். இறந்தவரின் தகப்பன் ஒரு நாள் கோட்டு வாசலில் நின்று, "என்ரை பிள்ளையின்ரை சாவுக்கு ஒருத்தரும் மணி அடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

மாசி மாதம் அவள் எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கு வந்தாள். கூடக் கணவரின் தமையன். இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை.

"தம்பி, உள்ளதைச் சொல்லும்" என்றார் தமையன். "தூக்கெண்டு சொன்னவனோ, இல்லையோ?"

"இல்லை."

"கேட்டியோ பிள்ளை? சொல்லாத தூக்கை மாதா எப்பிடித் திருப்பி எடுக்கிறது? வள்ளம் வீட்டிலை நிக்கட்டும். ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு நீ என்னத்தைத் தின்னப்போறாய்?"

அவள் என்னிடம் சொன்னாள்: "மறியலுக்குப் போய் அவரைக் கேட்டனான் அண்ணை. அவரும் உள்ளுக்கைதானே நிண்டவர். முதல் தூக்கெண்டுதான் தனக்கும் விளங்கினது எண்டார்."

"அவருக்கு இங்கிலீசு தெரியாது, தங்கச்சி."

"ஃபான் நிண்டதைப் பாக்க இங்கிலீசு வேணுமோ?"

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். குருநகர்க் கோயில் பாதிரியான சுவாமியாரிடம் கேட்டிருக்கிறாள். தவறாக விளங்கிக்கொண்டு வைத்த நேர்த்தி கட்டாது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் பங்குச் சனம் அப்படி எடுக்காது. மாதாவை ஏமாற்றியவள் என்று பிள்ளைகள் காலம்வரை சொல்லும். பேப்பரில் வந்தால் ஞாயிறு பூசையில் தான் வாசிப்பதாகச் சுவாமியார் சொல்லியிருக்கிறார். "கறண்ட்தான் நிண்டது எண்டு பேப்பரிலை போடுவியளோ அண்ணை? போட்டா வள்ளம் எனக்கு. போடாட்டில் மாதாவுக்கு" என்றாள்.

ஆசிரியரின் அறைக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தண்டனையைச் சொல்லிப்போட்டு மாத்தினார் எண்டு சனம் கதைக்குது, அது பொய் எண்டு நாங்கள் போடுறதோ? அந்தப் பொய்யை அச்சிலை போட்டதுக்கே கோட்டை அவமதிச்ச குற்றம் எண்டு நீயும் நானும் கூண்டிலை நிப்பம். அதோடை, அண்டைக்கு நாங்கள் எழுதாததை இண்டைக்கு என்னத்துக்குத் திருத்திறது?"

"அண்டைக்கு நான் எழுதினனான் ஐயா. நீங்கள் வெட்டினீங்கள்."

"வெட்டினனானோ?" என்றார். அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

ஒரு கிழமை கழித்துப் பதிவாளர் மூலமாக நீதிபதியைச் சந்திக்க அனுமதி கேட்டேன். கிடைக்காது என்று நினைத்தேன். மறுநாளே வரச் சொன்னார். அவருடைய அறையில் புத்தகங்களும், மூலையில் சாத்திய குடையும், ஒரு தண்ணீர்ச் செம்பும் இருந்தன. வந்த காரியத்தைச் சொன்னேன். நகரத்தில் பேசுவதையும் சொன்னேன். அது புதிதாகக் கேட்கும் முகமாக இல்லை.

"என்னைப் பற்றிச் சொல்வதற்கு நான் மறுப்பு எழுதுவதில்லை" என்றார். "ஒன்றுக்கு எழுதினால் எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும்." பிறகு, "அந்தப் பெண் எதை நேர்ந்தார் என்றீர்கள்?"

"வள்ளத்தை."

"வேறு வள்ளம் இருக்கிறதா?"

"இல்லை."

மணியை அடித்து வழக்கேட்டைக் கொண்டுவரச் செய்தார். தானே பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்தார். அவருடைய கையெழுத்து, ஆங்கிலத்தில்: பிற்பகல் 3.10, மின்சாரம் தடைப்பட்டது, தொடர்கிறேன். குனிந்து எழுதியது அதைத்தான்.

"இதன் பிரதியை அந்தப் பெண் விண்ணப்பித்துப் பெறலாம். அதை யாரும் தடுக்க முடியாது" என்றார். நான் எழும்பியபோது, "கதவைச் சாத்தச் சொன்னது நான்தான், இல்லையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வழக்கில் தொகுப்புரை நேரத்தில் கதவு திறந்திருந்தது. யாரும் போகலாம், வரலாம். பயந்துபோனார் என்று விறாந்தையில் பேசிக்கொண்டார்கள்.

பிரதி கிடைத்தது. சுவாமியார் அதை ஞாயிறு பூசை முடிவில் தமிழில் வாசித்தார். நான் பின்வரிசையில் நின்றேன். சனம் அமைதியாகக் கேட்டது. வெளியே வந்ததும், "ஆர் எழுதினது?" என்று ஒருவர் கேட்டார். "ஆர் எழுதிறது, உந்த ஜட்ஜ்தான்" என்றார் மற்றவர். "தன்ரை பிழையைத் தானே எழுதுவரோ?" மீன் விற்கும் பெண் என்னைக் கண்டு, "என்ன பேப்பர்காரர், இண்டைக்கும் கறண்டோ?" என்றாள்.

மீனவரின் மனைவி பிரதியை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். சுவாமியார் தன் பக்கம் நிற்பார், வள்ளத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். தமையனும் அதையே சொன்னார், சற்று உரக்க.

"கறண்ட்தான் நிண்டது அண்ணை, நான் நம்புறன்" என்றாள். "ஆனா நான் கேட்டது அவரின்ரை உயிரை. கறண்டை இல்லை."

ஆடி மாதப் பெருநாளில், நேர்த்திக்கு வந்த கோழிகளும் தேங்காய்களும் ஏலம் போன பிறகு, கோயில் முற்றத்தில் வள்ளமும் ஏலம் போனது. ஆறு பேர் அதைக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நாவாந்துறைக்காரர் ஒருவர் எடுத்தார். அடுத்த நாளிலிருந்து அவள் கடகத்தில் மீன் வாங்கி வீட்டு வீடாக விற்றாள். எங்கள் தெருவுக்கும் வருவாள். அந்தக் கதையை நாங்கள் பிறகு பேசவில்லை.

நீதிபதி அடுத்த வருட நடுவில் மாற்றமாகிப் போனார். காலை ரயிலுக்கு இரண்டு சட்டத்தரணிகளும் கோட்டு முதலியாரும் நானும் போயிருந்தோம். குடையைக் கையிலேயே வைத்திருந்தார். எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு ஏறினார். தானே மாற்றம் கேட்டார் என்றும், மேலிடம் தண்டித்து மாற்றியது என்றும் இரண்டு கதைகள் வந்தன. மூன்று வருடம் முடிந்ததால் மாற்றம் என்று பதிவாளர் என்னிடம் சொல்லியிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுடைய கணவர் விடுதலையாகி வந்தார். நன்னடத்தைக்குக் காலம் குறைத்திருந்தார்கள். ஒரு காலை, வேறு அலுவலாகக் குருநகர்க் கரைக்குப் போனபோது, நாவாந்துறைக்காரரின் வள்ளத்தில் இருந்து வலை இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய வள்ளம்தான். பிடிக்கும் மீனில் ஒரு பங்குக்குப் போகும் ஆளாக அதில் போய்வந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எனக்குத் தூக்குச் சொன்ன ஐயா இப்ப எங்கையாம் அண்ணை?"

"கொழும்பிலை. பென்சன் எடுத்திட்டார் எண்டு கேள்வி."

"நல்ல மனிசன்" என்றார். "அவை பெரிய ஆக்கள், சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டினம். அவர் எடுத்தவர்."

பக்கத்தில் நின்ற தமையன் கடலைப் பார்த்துத் துப்பினார்.

பத்திரிகையை விட்டு விலகியபோது என் குறிப்புப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த நீதிபதியின் காலத்துப் புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த மூன்று வருடங்களில் நடந்த கொலை வழக்குகள் எல்லாவற்றிலும் நான் இருந்திருக்கிறேன். ஒன்றிலும் அவர் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லவில்லை.